பிளாக் கிரீக் முன்னோடிகள் கிராமம்: ஐம்பதாம் ஆண்டு விழாவும் பிந்தைய ஆண்டுகளும்

ரொறன்ரோவின் வடமேற்கு எல்லையில், ஜேன் வீதியும் ஸ்டீல்ஸ் அவெனியூவும் சந்திக்கும் இடத்தருகே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகமான பிளாக் கிரீக் முன்னோடிகள் கிராமத்துக்கு (பிளாக் கிரீக் பயனியர் வில்லேஜ்), பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலந்தொட்டு குடும்பமாகச் சென்று வருகிறோம். 1960இல் திறக்கப்பட்ட இந்த இடம் 2010இல் தன் ஐம்பதாம் ஆண்டை நிறைவு செய்தபோதும் அங்கே இருந்தோம். விழாக் காலத்திலும் சாதாரண நாள்களிலும் பழகிய பின் எனக்கு உறுதியாகப் படுவது, அங்குள்ள பழைய கட்டடங்களைவிட அவற்றுக்குள் இன்றும் நடக்கும் கைவேலைதான் அந்த இடத்தின் உயிர் என்பதே.

பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மானிய வழிக் குடும்பத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்ரோங்கும் அவருடைய மனைவி எலிசபெத்தும் 1816இல் குடியேறி உழுத நிலம் இது. அவர்கள் முதலில் கட்டிய மரக்குற்றி வீடும், 1832இல் எழுப்பிய பெரிய வீடும், தானியக் களஞ்சியமும், இறைச்சியைப் புகையூட்டும் சிறு கொட்டிலும் இன்றும் அங்கே நிற்கின்றன. ஏனைய கட்டடங்களிற் பல தென் ஒன்ராறியோவின் வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1849இல் கட்டப்பட்ட 'ஹாஃப் வே ஹவுஸ்' என்னும் வழிப்போக்கர் விடுதி, எங்கள் ஸ்காபரோவில் கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்ட் அவெனியூவும் சந்திக்கும் மூலையில் நின்றது. நம்மவர் நாள்தோறும் கடந்து செல்லும் அந்தச் சந்தியில் ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் இளைப்பாறின என்று அறிந்த பிறகு, எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்காபரோவே வேறாகத் தெரிந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ரொப்ளின் மாவாலை. 1842இல் அமீலியாஸ்பேர்க் என்னும் ஊரில் கட்டப்பட்ட இந்தக் கல் ஆலையில், நீர்ச்சக்கரம் சுழலும்போது அதன் விசை பற்சக்கரங்கள் வழியே அரைகல்லுக்குச் சென்று, மேற்கல் மட்டும் சுழன்று கோதுமையை அரைக்கிறது. அந்நேரம் தளப்பலகைகள் அதிர்வதைக் காலாலேயே உணரலாம். அம்மம்மா குரக்கன் அரைத்த திரிகையும் இதே முறையில்தான் இயங்கியது என்று விளக்கியபோது, பிள்ளைகள் இரண்டையும் ஒருசேர விளங்கிக்கொண்டார்கள். அங்கே அரைத்த மாவை வாங்கி வந்து ரொட்டி சுட்டிருக்கிறோம். தவிடும் முளையும் சேர்ந்திருப்பதால் கடை மாவைவிடக் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், ஆனால் மணம் நன்றாக இருக்கும்.

ஐம்பதாம் ஆண்டுக் காலத்தில் பல தலைமுறையினர் ஒன்றாக வந்திருந்ததைக் காண மகிழ்ச்சியாக இருந்தது. இருந்தாலும் கூட்டம் பெருகும் நாளில் கொல்லரிடமோ நெசவு செய்பவரிடமோ நின்று கேள்வி கேட்பது எளிதன்று. வேலையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நகரத்தான் முடியும். ஆண்டு விழாக்களில் உரைகளைக் குறைத்து, வருவோரின் கையில் கம்பளி நூலையோ விளக்குமாற்றுப் புல்லையோ கொடுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. 1861இல் கட்டப்பட்ட டிக்ஸன் ஹில் பள்ளியில் மாணவர்கள் ஒரு முழு நாள் அக்கால வகுப்பில் அமர்ந்து கற்கும் ஏற்பாடு இதற்குத் தகுந்த முன்மாதிரி.

முதன்முறை செல்வோர் வேலைநாளொன்றின் காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2017 டிசம்பரில் சுரங்க ரயில் நீட்டிக்கப்பட்டு, 'பயனியர் வில்லேஜ்' நிலையம் திறக்கப்பட்டதால், கார் இல்லாத குடும்பங்களுக்கும் பயணம் எளிதாகிவிட்டது. ஆலைக்குள் படிகள் ஏற வேண்டியிருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா வேலைகளும் எல்லா நாளும் நடப்பதில்லை. நீங்கள் செல்லும் நாளில் எவை நடக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து புறப்படுங்கள்.