உடைப்பதற்கு முன் ஒழுகலைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்

குளியலறைத் தரையை முழுதாக உடைத்து, புதிதாக டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகும் கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் போகவில்லை. ஒழுகியது தரையே அல்ல, வாஷ்பேசின் வேஸ்ட் பைப்பில் ஒரு ஜாயிண்ட். அதைச் சோதித்தே பார்க்காமல் உடைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கசிவைக் கண்டுபிடித்துத் தருவதாக வந்த ஒப்பந்தக்காரர் தெர்மல் கேமராவும் ஈரமானியும் கொண்டு வந்தார். சீலிங்கில் நீலமாகத் தெரிந்த திட்டைக் காட்டி, "இதுக்கு நேர் மேலதான் போயிருக்கு, வாட்டர்ப்ரூஃபிங் மொத்தமா காலி" என்றார். திரையில் படத்தைப் பார்க்கும் யாருக்கும் அது பெரிய ஆதாரமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கேமரா சுவருக்குள் எதையும் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும் நிறமாக்கிக் காட்டுகிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருக்கும், அதனால் நீலமாகத் தெரிகிறது. ஈரம் எங்கே இருக்கிறது என்பது நம் கண்ணுக்கே தெரியும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி, அதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. ஈரமானியும் அப்படித்தான். சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த இடத்திலும் அளவை ஏற்றிக் காட்டும். தண்ணீரும் நேர்கோட்டில் இறங்குவதில்லை. குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டியோ ஸ்லாபின் மேலேயோ ஊர்ந்து போய், தாழ்வான இடம் கிடைத்ததும் அங்கே சொட்டும்.

அவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஈரம் எப்போது கூடுகிறது என்பது. நல்ல தண்ணீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அதில் கசிவு இருந்தால் இரவு பகல் பாராமல் ஒழுகும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் தண்ணீர் மீட்டரைக் கவனித்தால் போதும், முள் நகர்ந்தால் கோளாறு அந்தப் பக்கம். வேஸ்ட் பைப்பில் அப்படி அழுத்தம் கிடையாது, யாராவது தண்ணீரை வெளியேற்றும்போது மட்டும்தான் கசியும். மேல் வீட்டார் ஊருக்குப் போன நாட்களில் சீலிங் காய்ந்திருந்தது என்று கீழ் வீட்டு அக்கா அவரிடமே சொன்னார். அது எவ்வளவு பெரிய துப்பு! அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு வந்த பிளம்பர் சுத்தியலைக்கூட வெளியே எடுக்கவில்லை. தரைத் தண்ணீர் வடியும் ஃப்ளோர் டிராப்பை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி வைத்தார், கீழே சொட்டவில்லை. அடைப்பை எடுத்து அது வடிந்தபோதும் ஒன்றுமில்லை. கழிவறைத் தொட்டியில் சிவப்பு உணவுச் சாயம் கலந்து ஃபிளஷ் செய்தார், அதிலும் வரவில்லை. அப்புறம் வாஷ்பேசினை அடைத்து, பச்சைச் சாயம் போட்டு, நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே பச்சை நிறத்தில் சொட்டியது. குழாயைத் திறந்து கை கழுவும் அளவு தண்ணீர் பைப்பின் அடிப்பகுதியை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவிடும். முழு பேசினும் காலியாகும்போதுதான் பைப் நிறைந்து, ஜாயிண்டின் மேல்பக்கப் பிளவுக்கு நீர் எட்டும். இந்தச் சோதனைக்கு ஒரு வாளியும் கொஞ்சம் சாயமும் பொறுமையும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

முதல் ஆளைத் தொடர்புகொண்டபோது, உத்தரவாதம் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்கு மட்டும்தான், பைப்புக்கு இல்லை என்றார். காகிதத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. பூச்சு நன்றாகவே இருக்கிறது, முன்பும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குக் கோபமே அதில்தான். கெட்டுப்போகாத ஒன்றை மாற்றிவிட்டு அதற்கே உத்தரவாதம் தந்திருக்கிறார்.

யார் வந்தாலும், ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எது ஒழுகியது என்று தெரியாது. பேசினின் ஓவர்ஃப்ளோ துளை வரை நீரை ஏற்றிப் பார்க்கவும் சொல்லுங்கள், அந்த இணைப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுடுநீர் வெளியேறும் பைப் என்றால் சுடுநீர் விட்டே சோதிக்க வேண்டும். சூட்டில் பிவிசி நீளும், குளிர்ந்த தண்ணீருக்குக் கசியாத ஜாயிண்ட் அப்போது கசியலாம். கைக்கு எட்டும் ஜாயிண்டுகளைத் துடைத்துக் காயவைத்து, டிஷ்யூ பேப்பரால் சுற்றி ஒற்றிப் பாருங்கள். ஒரு துளி இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். கழிவறைத் தொட்டி வெளியே வியர்த்துச் சொட்டுவதும் உண்டு, அது கசிவு அல்ல.

கோளாறு ஜாயிண்டில்தான் என்று உறுதியான பிறகும் ஓர் ஏமாற்று வேலை இருக்கிறது. ஒட்டிய பிவிசி ஜாயிண்டின் வெளியே சொல்யூஷனைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பசை பைப்பின் வெளிப்பரப்பும் ஃபிட்டிங்கின் உட்பரப்பும் கரைந்து ஒன்றாகச் சேர்வதற்கானது, வெளியே தடவினால் நிற்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது ஃபிட்டிங் போட வேண்டும். பசை காய்ந்ததும், சுவரையோ தரையையோ மூடுவதற்கு முன், பேசினை நிரப்பித் திறந்துவிட்டு நீங்களே தொட்டுப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.