பெரிய கோயிலுக்கு ‘நுழைவுக் கட்டணம்’, ஓவியத்துக்கு ‘ஸ்பெஷல் பர்மிஷன்’: 11,700 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “சரி, போகட்டும்” என்று நாமே விட்டுவிடுவோம். அந்த ஆப்காரர்களும் அதைத்தான் நம்பி இருக்கிறார்கள். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் என்று அலைய எனக்குத் தெம்பு இல்லை. ‘சோழர் கோயில்களை நிபுணர்களுடன் பாருங்கள்’ என்று போனில் விளம்பரம் வருமே, அந்த வகை. ஒரே நாளில் தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும், கார், கைடு எல்லாம் சேர்த்து. நான்கு பேருக்கு 11,700 ரூபாய், முழுப்பணமும் முன்கூட்டியே. இப்படி ஏதாவது புக் செய்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் மாமா (மாமனார்) அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெரிய கோயில் கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு இருட்டான நடை இருக்கிறது. அதன் சுவரில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலாயம் போகிற காட்சி, திரிபுரம் எரிக்கும் சிவன், எல்லாம் அங்கேதான். பாடம் நடத்தின காலம் முழுக்க மாமா அதை அச்சடித்த படத்தில் மட்டும் பார்த்தவர். இப்போது முழங்கால் வலி, இனி நீண்ட பயணம் முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடே.

அந்த நடைக்குள் பொதுமக்களை விடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பணம் கட்டும் முன் போன் செய்து அதைத்தான் முதலில் கேட்டேன். எடுத்த பெண் தடுமாறவே இல்லை. “ஆமாம் மேடம், சாதாரணமா விடமாட்டாங்க. எங்களுக்குத் தினமும் ஒரு ஸ்லாட் இருக்கு, அதுக்குத்தான் தனி சார்ஜ்” என்றார். கோவிந்தசாமி பெயரையும் 1931-ஐயும் நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். மேல் தளத்தில் பரத நாட்டியக் கரணங்கள் 81 இருப்பதையும் சொன்னார். அப்புறம் “பெரியவருக்கு முழங்கால் வலின்னீங்களே, அங்க படி கொஞ்சம் உயரம், எங்க ஆள் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார்” என்றார். நான் பணம் கட்டியது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

ரசீதில் இருந்தது இது: கார் 4,500, கைடு 2,000, நுழைவுக் கட்டணம் தலைக்கு 300, ஓவிய அனுமதி தலைக்கு 1,000. கூடவே சிங்க முத்திரை போட்ட ‘அனுமதிக் கடிதம்’ ஒன்று, அதில் எங்கள் நான்கு பேர் பெயர், நேரம் காலை 10.45. அந்தக் கடிதத்தை மாமா பிரின்ட் எடுத்து மடிக்காமல் ஃபைலில் வைத்துக் கொண்டுவந்தார்.

பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மூன்று கோயில்களுக்கும் கிடையாது. உலகப் பாரம்பரியச் சின்னங்கள்தான் (தஞ்சை 1987-ல், மற்ற இரண்டும் 2004-ல்), தொல்லியல் துறை பராமரிப்புதான், ஆனாலும் வழிபாடு நடக்கிற கோயில்கள், யார் வேண்டுமானாலும் சும்மா உள்ளே போகலாம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு 300 என்று பார்த்தால் சந்தேகம் வராது. அதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த கோயிலுக்கு இவர்கள் போனில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட் போடுகிறார்கள்!

கைடு கேரளாந்தகன் வாசலில் வந்து சேர்ந்துகொண்டார். அடையாள அட்டை கேட்டேன், “ரினியூவல்ல இருக்கு மேடம்” என்றார். உள்ளே போய், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பித்தார். அவர் நின்று பேசிக்கொண்டிருந்ததே விமானத்தின் நிழலில்தான். என் கணவர் காலடியைக் காட்டினார், அவர் உடனே எண்பது டன் ஒற்றைக் கல்லுக்குப் போய்விட்டார்.

10.45 ஆனது. ஓவியத்தைப் பற்றிக் கேட்டால் “சார் வரணும்”, “சாவி வரணும்” என்றே ஓட்டினார். கடைசியில் மாமாவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த ஊழியரிடம் கடிதத்தைக் காட்டினார். அவர் வாங்கிப் படித்துவிட்டு, “ஐயா, இது எங்க லெட்டர் இல்ல. அங்க யாரையும் விடறது இல்ல” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திருச்சுற்று மாளிகையில் அந்த ஓவியங்களின் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள், இலவசம், போய்ப் பாருங்கள் என்று வழியும் காட்டினார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கைடு முந்திக்கொண்டு எங்களை அங்கே அழைத்துப் போய், “இதாங்க பெயின்டிங், உங்க பேக்கேஜ்ல இருக்கறது இதுதான்” என்றார். தலைக்கு ஆயிரம், இலவசப் புகைப்படத்துக்கு! மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். நான் அங்கேயே போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பினால் கைடையும் காணோம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. நடை சாத்தியிருந்தது. மதியத்தில் சாத்துவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும், இவர்கள் திட்டத்தில் அந்த நேரத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். நான்கு மணிவரை நிற்க டிரைவருக்கு அனுமதி இல்லையாம். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கார் ஓனர் மூலமாக அவருக்கு வருவது 2,500 தானாம், மீதி யாரிடம் போகிறது என்று அவருக்கே தெரியாது. தாராசுரத்துக்கும் அதே கதைதான், வெளியில் இருந்து கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். முதலில் “கம்ப்ளெயின்ட் ரெய்ஸ் பண்ணியாச்சு, ஏழு வேலை நாள்” என்றார்கள். பிறகு, நாங்கள் 10.45-க்கு இடத்தில் இல்லாததால் ‘நோ ஷோ’ என்று மெயில். 10.40-க்கு அங்கே எடுத்த போட்டோவை அனுப்பினேன். உடனே பல்லவி மாறியது: “கோயில் நிர்வாகத்தின் முடிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அனுமதிக் கடிதம் யார் கொடுத்தது என்று கேட்டேன், “எங்கள் பார்ட்னர்” என்று பதில். பார்ட்னர் யார்? அது ‘கான்ஃபிடென்ஷியல்’. அன்று அவ்வளவு அன்பாகப் பேசிய பெண்ணைக் கேட்டால், அந்தப் பெயரில் யாரும் வேலை செய்யவில்லையாம். 11,700-ஐத் திருப்பிக் கேட்டால் நவக்கிரகப் பேக்கேஜில் 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புகிறார்கள். ஆப்பில் நான் போட்ட ரிவியூவையும் எடுத்துவிட்டார்கள். இப்போது என் நம்பரில் இருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை, என் கணவர் நம்பரில் அடிக்கிறது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், டைப் செய்யவே கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மூன்று கோயில்களுக்கும் நுழைவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் ஏமாற்று. உள்நடை ஓவியத்துக்கு ஸ்லாட் என்றால் போனை வையுங்கள். அரசு முத்திரை போட்ட கடிதம் யாரும் அடிக்கலாம், முதல்நாளே துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். முழுப்பணம் முன்கூட்டியே வேண்டாம், அதுவும் தனிநபர் பெயரில் வரும் க்யூஆர் கோடுக்கு. பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. மதியத்தில் நடை திறந்திருக்காது.

நான் இரண்டு இடத்திலும் புகார் கொடுத்தாயிற்று, வங்கிக்கும் எழுதியிருக்கிறேன். 11,700-ல் ஒரு ரூபாய் வந்தாலும் இங்கேயே போடுகிறேன். உங்களில் யாருக்காவது இதே மாதிரி 10.45 கடிதம் வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.