பெட்டிக்கு ஒரு விலை, திறக்க ஒரு விலை

சர்வர் வாங்கும்போது பிராசசர், ரேம், டிஸ்க் எல்லாவற்றையும் வரிவரியாக ஒப்பிடுவோம். ரிமோட் மேனேஜ்மென்ட், அதாவது சர்வரைத் தொலைவில் இருந்தே இயக்கும் வசதி, என்ற இடத்தில் 'உண்டு' என்று போட்டிருந்தால், சரி என்று தாண்டிவிடுவோம். மாட்டிக்கொள்வது அங்கேதான். அதற்கான சிப் போர்டிலேயே இருக்கும். முழுதாகத் திறக்க மட்டும் லைசென்ஸ் தனி.

எச்பிஇ நிறுவனத்தின் புரோலயன்ட் சர்வர்களில் இந்த வசதிக்கு ஐஎல்ஓ என்று பெயர். ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் கூடவே வரும். ரேக், டவர் மாடல்களில் அதை வைத்து ரிமோட் கன்சோலை (சர்வரின் திரையும் கீபோர்டும் நம் கணினியில்) திறக்கலாம், பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் போகலாம், பூட் வரிசையை மாற்றலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் எழத் தொடங்கியதும் கன்சோல் நின்றுவிடும். கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, எந்த வரியில் விழுந்தது என்று பார்க்கத்தானே கன்சோலே தேவைப்படுகிறது? அந்த வரி ஓடும்போது நமக்குத் திரை கிடையாது. அதற்கு அட்வான்ஸ்டு லைசென்ஸ் வேண்டும், 25 எழுத்துச் சாவி. பழைய சர்வர் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் பின்னால் சேர்த்த சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். 'அட்வான்ஸ்டு போட்டிருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், அந்தச் சாவியை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

டெல் சர்வர்களில் இதே வேலையைச் செய்யும் ஐடிராக் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மை. ரேக் சர்வர்களின் எக்ஸ்பிரஸ் லைசென்ஸில் விர்ச்சுவல் கன்சோலே (ரிமோட் கன்சோலுக்கு டெல் வைத்த பெயர்) கிடையாது, மேல்நிலை லைசென்ஸான எண்டர்பிரைஸ் வாங்கினால்தான். பாதி காட்டிப் பாதியை மறைப்பதைவிட இது மேல், வாங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஐடிராக் 7, 8 காலத்தில் ஐடிராக்குக்கென்றே இருக்கும் தனி நெட்வொர்க் போர்ட்டுக்கும் எண்டர்பிரைஸ் கேட்டார்கள். லைசென்ஸ் கோப்பு சர்வீஸ் டேகோடு (ஒவ்வொரு சர்வருக்கும் டெல் தரும் தனி அடையாள எண்) கட்டப்பட்டது, பக்கத்து சர்வரில் ஏற்றினால் எடுக்காது.

சூப்பர்மைக்ரோ நிறுவன சர்வர்களில் கன்சோலுக்குக் காசில்லை. அப்பாடா என்று இருந்தால், பிரவுசர் வழியே பயாஸ் அப்டேட் செய்யப் போகும்போது சாவி கேட்கும். அதுவும் ஒவ்வொரு போர்டின் மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) தனித்தனி. ஒன்றிரண்டு சர்வர் என்றால் யுஎஸ்பி ஸ்டிக்கில் பூட் செய்து சும்மாவே முடித்துவிடலாம். நாற்பது இருந்தால் ஸ்டிக்கோடு நாற்பது முறை நடக்க வேண்டும், இல்லையென்றால் நாற்பது சாவி.

இந்த வியாபாரம் சர்வரோடு நிற்கவில்லை. 2010-ல் இன்டெல் பென்டியம் ஜி6951 என்ற டெஸ்க்டாப் பிராசசருக்கு 50 டாலர் அட்டை ஒன்றை விற்றது. அட்டையைச் சுரண்டி, எண்ணைத் தட்டினால், சிலிக்கானில் ஏற்கெனவே இருந்த ஹைப்பர் த்ரெடிங்கும் (ஒரு கோர் இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பார்ப்பது) 1 எம்பி கேஷ் நினைவகமும் விழித்துக்கொள்ளும். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. இன்டெலின் நான்காம் தலைமுறை ஜியான் ஸ்கேலபிள் சர்வர் சிப்களில் 'ஆன் டிமாண்ட்' என்ற பெயரில் அதே யோசனை திரும்பி வந்தது.

லைசென்ஸே வேண்டாம் என்றால் பைகேவிஎம் இருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் திறந்த மென்பொருள். திரையை எச்டிஎம்ஐ வழியே பிடித்து, யுஎஸ்பி வழியே கீபோர்டாக நடிக்கும். ஒரே பெட்டியை எந்த மெஷினுக்கும் மாற்றி மாட்டலாம். ஃபேன் வேகம், வெப்பநிலை மாதிரி உள் விவரங்களை ஐஎல்ஓ போலச் சொல்லாது. வீட்டு ஆய்வகத்துக்கு நான் இதைத்தான் எடுப்பேன். சர்வர்களின் பின்னால் பெரும்பாலும் பழைய வகைத் திரை இணைப்பான விஜிஏ போர்ட்தான் இருக்கும் என்பதால், கன்வர்ட்டர் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.