கார் ஆலைக்குத் தாய்லாந்தா, இந்தோனேசியாவா?

ஏற்றுமதிக்காக ஆலை போடுகிறவருக்கு நான் தயங்காமல் தாய்லாந்தைத்தான் சொல்வேன். ரயோங், சோன்புரி பக்கம் சீட், வயரிங், பம்பர் என்று உதிரிபாகம் செய்பவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். செய்து முடித்த பிக்கப் வண்டி லேம் சபாங் துறைமுகத்தில் கப்பலேறிவிடும். 2024-இல் சீன மின்கார் நிறுவனமான பிஒய்டி, ஆண்டுக்கு 1,50,000 வண்டி செய்யும் ஆலையை ரயோங்கில் திறந்ததற்கு இந்தப் பழகிய கைகளும் ஒரு காரணம்.

சரி, உள்ளூரிலேயே விற்க வேண்டுமென்றால்? இந்தோனேசியாவில் 27 கோடிக்கும் மேல் மக்கள். தாய்லாந்தில் சுமார் 7 கோடிதான், அதிலும் முதியோர் பெருகி வருகிறார்கள். அப்புறம் நிக்கல், மின்கார் பேட்டரிகள் பலவற்றுக்கு வேண்டிய உலோகம், அங்கே கிடைக்கிறது. 2020-இல் தாது ஏற்றுமதியை நிறுத்தி, உருக்குவதை உள்நாட்டுக்கே இழுத்தது ஜகார்த்தா. கரவாங்கில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து பேட்டரி செல் ஆலை கட்டின. ஆனால் நிக்கலே தேவைப்படாத எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பரவப் பரவ, அந்தப் பிடி தளர்கிறது.