குழித்தட்டா, கொட்டாங்குச்சியா, நேரா தொட்டியிலயா?

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி வச்சிட்டாங்க, ஆனா சென்னை மொட்டை மாடில எதுல விதைக்கணும்னு யாரும் சொல்லல. மூணும் போட்டு பாத்தாச்சு, அதனால எழுதுறேன்.

முதல்ல குழித்தட்டு. 98 குழி தட்டு, கோகோபீட் (தேங்கா நார் தூள்), மண்புழு உரம், பாக்கவே அழகா இருக்கும். தக்காளி ஒரு வாரத்துல தலை காட்டிரும், மிளகாய்க்கு பத்து நாள் கிட்ட ஆகும். பிரச்சனை சித்திரை வெயில்தான், ஒரு குழில ஒரு பிடி கோகோபீட் கூட கொள்ளாது, காலைல தண்ணி தெளிச்சிட்டு வேலைக்கு போயி சாயங்காலம் வந்து பாத்தா காஞ்சு சுருங்கி ரஸ்க் மாதிரி கெடக்குது, நாத்து எல்லாம் அப்படியே தலைய தொங்க போட்டுருச்சு. சரி, ஐப்பசி மழைக்காவது தூக்கிட்டு ஓடலாமேன்னு சன்ஷேடுக்கு அடில வச்சா வெளிச்சம் பத்தாம நூல் மாதிரி நெட்டையா வளருது, போதாக்குறைக்கு ஈரத்துல நாற்றழுகல் வேற. தண்டு மண்ணை ஒட்டி மெலிஞ்சு ஒரே ராத்திரில சாஞ்சிரும். இப்பல்லாம் விதைய சூடோமோனாஸ்ல, அதாவது இந்த அழுகல தடுக்கிற நல்ல பாக்டீரியால, புரட்டாம போடுறதே இல்ல.

நேரா தொட்டில போடுறது சோம்பேறிகளுக்கு, அதாவது எனக்கு, ரொம்ப வசதி. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கிக்கு இதான் சரி, முள்ளங்கிய பிடுங்கி நட்டா கிழங்கு கோணலா ரெண்டா பிரிஞ்சு வரும். கீரை விதைய ரவை கலந்து தூவுங்க, எறும்பு ரவைய தூக்கிட்டு போயிரும், விதை தப்பிச்சிரும். ஆனா தக்காளிய மட்டும் மழைக்காலத்துல நேரா போட்டுறாதீங்க. போன ஐப்பசில ஒரு ராத்திரி மழைல பை நிரம்பி வழிஞ்சு விதை பூரா அடிச்சிட்டு போயிருச்சு, பத்து நாள் கழிச்சு பாத்தா தண்ணி போற பைப் ஓரமா நாலு தக்காளி முளைச்சு நிக்குது!

கடைசில கொட்டாங்குச்சி. என் ஓட்டு இதுக்குத்தான், காசும் இல்ல. கண்ணு இருக்கிற பாதிய எடுத்து மெத்துன்னு இருக்கிற அந்த ஒரு கண்ண ஆணியால குத்தினா தண்ணி வடிய ஓட்டை ரெடி. குழித்தட்டை விட மண்ணு ஜாஸ்தி கொள்றதால ஒரு நாள் தண்ணி விட மறந்தாலும் நாத்து தாங்குது, மழை வந்தா ஒரு ட்ரேல அடுக்கி தூக்கிரலாம், விட்டதும் திரும்ப வெயில்ல வச்சிரலாம். மிளகாய் நாத்த எடுத்து நட 35, 40 நாள் ஆகும்ல, அதுவரைக்கும் வேருக்கு எடம் இருக்கு. நடும்போது கவுத்து பின்னாடி ரெண்டு தட்டு தட்டுங்க, மண்ணோட கழண்டு வந்துரும். என்ன, ஒரு தேங்காய்க்கு ஒண்ணுதான் தேறும், சேக்கிறதுக்குள்ள பட்டமே முடிஞ்சிரும் போல.

தைப்பட்டத்துல மழையும் இல்ல, வெயிலும் கம்மி, அப்போ குழித்தட்டே போதும். ஆனா தட்டை கத்தரிக்கோலால நாலா வெட்டிட்டு விதைங்க. என்கிட்ட இருக்கிறதே 12 பை, 98 குழிலயும் தக்காளி போட்டுட்டு தெருவுல பாக்குறவங்க கிட்ட எல்லாம் நாத்து வேணுமா அக்கான்னு கெஞ்சிட்டு திரிஞ்சேன்.