ஒரே கடல், இரண்டு அரசியல்: வெனிசும் ஜெனோவாவும்

13, 14ஆம் நூற்றாண்டுகளின் இத்தாலியில் வெனிசும் ஜெனோவாவும் ஒரே சரக்குக்காக ஒரே துறைமுகங்களில் மோதிக்கொண்ட கடல்வணிகக் குடியரசுகள். கடற்போர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஜெனோவாவின் கை தாழ்ந்திருந்ததாகச் சொல்ல முடியாது. 1284இல் மெலோரியாவில் பீசாவின் கடல்வலிமையை அது முறித்தது. 1298இல் குர்சோலாவில் வெனிசின் கப்பற்படையைச் சிதறடித்தது. ஆயினும் அடுத்த நூறாண்டு முடியும்போது வெனிஸ் தன்னைத் தானே ஆண்டுகொண்டிருந்தது. ஜெனோவாவோ பிரெஞ்சு மன்னரின் ஆளுகைக்குள் போயிருந்தது. இதற்கான காரணத்தைக் கடலில் தேடுவதைவிட இரு நகரங்களின் மன்றங்களுக்குள் தேடுவதே பொருந்தும்.

வெனிஸ் அதிகாரத்தைப் பங்கிடுவதில் எவரையும் நம்பாத நகரம். அதன் தலைவரான டோஜே ஆயுட்காலம் பதவியில் இருப்பார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்க 1268இல் வகுத்த முறை சற்று வேடிக்கையானது. குலுக்கலில் வந்த 30 பேர் 9 பேராகக் குறைக்கப்பட, அவர்கள் 40 பேரைத் தேர்ந்தெடுக்க, அது 12 ஆகி, 25 ஆகி, மீண்டும் 9 ஆகி, 45 ஆகி, 11 ஆகி, இறுதியில் அமரும் 41 பேரில் குறைந்தது 25 பேரின் வாக்கைப் பெற்றவரே டோஜே ஆவார். கேலிக்கூத்துபோலத் தோன்றினாலும், எந்தக் குடும்பமும் முன்கூட்டியே விலைபேச முடியாதபடி செய்வதே இதன் நோக்கம். 1297இல் நகரின் உச்ச அவையான பெருமன்றத்தின் கதவு குறிப்பிட்ட குடும்பங்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாத்தப்பட்டது. 1310இல் ஒரு சதி முறியடிக்கப்பட்ட பின், அரசுக்கு எதிரான சதிகளைக் கண்காணிக்கப் பதின்மர் மன்றம் உருவானது. ஆட்சியைத் தனதாக்கிக்கொள்ள முயன்ற டோஜே மரீன் ஃபலியேரோவின் தலையை 1355இல் அவருடைய சக பிரபுக்களே வெட்டச் செய்தனர். டோஜேக்களின் ஓவிய வரிசையில் அவருக்குரிய இடத்தில் இன்றும் கருந்திரைதான் தீட்டப்பட்டிருக்கிறது.

ஜெனோவாவில் குடும்பமே அரசு. டோரியா, ஸ்பினோலா ஒருபுறமும் ஃபியெஸ்கி, கிரிமால்டி மறுபுறமுமாக நகரமே பிளந்து கிடந்தது. உள்ளூர்க்காரர் எவரையும் மற்றவர் ஏற்காததால், 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெளியூரிலிருந்து போதெஸ்தா என்னும் ஆட்சியாளரை அழைத்துவந்தார்கள். 1339இல் மக்கள் கூட்டம் சிமோனே பொக்கனேக்ராவை முதல் டோஜேயாக முழங்கி அமர்த்தியது. ஐந்தே ஆண்டுகளில் அவர் விலக நேர்ந்தது. பிரபுக்களை அப்பதவியிலிருந்து விலக்கிவைத்தும் சண்டை ஓயவில்லை. அடோர்னோ, ஃப்ரெகோசோ என்னும் புதிய குடும்பங்களின் கைக்குப் பதவி மாறியது, அவ்வளவே.

இந்த வேறுபாடு வணிகத்திலும் தெரிந்தது. நம் மேற்குக் கரையின் மிளகு அலெக்சாந்திரியா வழியாக வெனிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதை ஏற்றிவந்த பெரிய துடுப்புக் கப்பல்கள் பல அரசின் உடைமை. பயணத்துக்குப் பயணம் அவை ஏலத்தில் வாடகைக்கு விடப்பட்டன. ஜெனோவாவிலோ கப்பலும் துணிவும் தனியாருடையவை. 1346இல் ஏஜியன் கடலின் கியோஸ் தீவைக் கைப்பற்றியதே அரசுக்குக் கடன் கொடுத்த தனியார் கப்பல் உரிமையாளர்கள்தாம். அத்தீவின் வருவாயும் அவர்களுக்கே போனது. துணிச்சலான வணிகனுக்கு ஜெனோவாதான் ஏற்ற இடம் என்பதே என் எண்ணம். ஆனால் முற்றுகையிடப்பட்ட ஊருக்கு வெனிஸே ஏற்றது.

அந்தச் சோதனை 1379 ஆகஸ்டில் வந்தது. வெனிசின் வாசலான கியோஜாவையே ஜெனோவா பிடித்தது. போலா கடற்போரில் தோற்றதற்காகச் சிறையிலிருந்த வெனிசின் கடற்படைத் தலைவர் வெத்தோர் பிசானியை மக்கள் கேட்க, அரசு விடுவித்தது. வெனிஸ் கால்வாய்களில் கப்பல்களை மூழ்கடித்துப் பகைவரை உள்ளேயே அடைத்தது. 1380 ஜூனில் அவர்கள் சரணடைந்தனர். போருக்கு உதவிய 30 குடும்பங்களை 1381இல் வெனிஸ் பெருமன்றத்தில் சேர்த்துக்கொண்டது. சாத்திய கதவைத் தேவைப்படும்போது சற்றே திறக்கவும் அதற்குத் தெரிந்திருந்தது.

ஜெனோவாவில் அந்தோனியோத்தோ அடோர்னோ நான்கு முறை டோஜே ஆனார். 1396இல் நகரையே பிரான்சின் ஆறாம் சார்லசிடம் ஒப்படைத்தார். 1409இல் பிரெஞ்சுக்காரரை விரட்டிய நகரம், 1421இல் மிலான் கோமகனிடம் பணிந்தது. இத்தனைக்கும் நடுவே 1407இல், அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் புனித ஜார்ஜ் நிறுவனமாகத் திரண்டு வரிகளைத் தாமே வசூலிக்கத் தொடங்கினர். டோஜேக்கள் மாறினாலும் கணக்கேடு மாறவில்லை. 1453இல் கார்சிகாவையும் கருங்கடல் கரையின் கஃபாவையும் ஆளும் பொறுப்பை ஜெனோவா அரசு தனக்குக் கடன் கொடுத்த அந்த நிறுவனத்திடமே விட்டுவிட்டது.