ஸ்ட்ராபெர்ரி நீலமான கதையும் எங்க வீட்டு ஐஸ்கிரீம் மெஷினும்

பவுல ஃப்ரீசர்ல உறைய வச்சு அப்புறம் மோட்டார்ல மாட்டி ஓட்டுற டைப் ஐஸ்கிரீம் மேக்கர் வாங்கி நல்லாவே புழங்கியாச்சு. வாங்கலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு பதில முதல்லயே சொல்லிடறேன், பழ ஐஸ்கிரீம் மேல ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க, வெறும் வெனிலா சாக்லேட்டுக்குன்னா தேவையில்ல, அந்த ரெண்டும் கடையிலயே அருமையா கிடைக்குது. பிராண்ட் பேர் போடல. கம்பெனி எதுவா இருந்தாலும் இந்த டைப் மெஷின் உள்ளுக்குள்ள செய்யுற வேலை ஒண்ணுதான், அதனால நான் சொல்றது எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட பொருந்தும்.

நான் வாங்கினதுக்கு காரணம் ஒரு படம். சவுண்ட் ஆஃப் மியூசிக். 1965ல வந்த படம், நாங்க கான்வென்ட்ல படிக்கும்போது சிஸ்டர்ஸ் வருஷா வருஷம் போட்டுக் காட்டுவாங்க, வீட்ல கேசட்லயும் தேயத் தேயப் பாத்திருக்கேன். நம்ம ஊர்ல 1969ல வந்த சாந்தி நிலையம் படத்துலயும் அதோட சாயல் இருக்கும், காஞ்சனா அந்த வீட்டுப் பிள்ளைங்களப் பாத்துக்க வருவாங்களே, எங்கம்மா அதைத்தான் முதல்ல பாத்தாங்களாம், அதனால எனக்கு அந்தப் படம், அம்மாவுக்கு இந்தப் படம்.

சவுண்ட் ஆஃப் மியூசிக்க வச்சு சாப்பாடு பண்றவங்க எல்லாரும் நேரா ஆப்பிள் ஸ்ட்ரூடல்தான் பண்றாங்க, ஏன்னா பிடிச்ச விஷயங்களோட பேரெல்லாம் அடுக்கிப் பாடுற பாட்டுல அது வருது. எனக்கு சின்ன வயசுலேர்ந்து நாக்குல ஊறினது வேற ஒரு சீன். பிள்ளைங்களப் பாத்துக்க வந்த மரியா வீட்ட விட்டு கான்வென்ட்டுக்கே திரும்பிப் போயிடுவாங்க, பிள்ளைங்க ஏழு பேரும் அப்பாவுக்குத் தெரியாம அவங்களப் பாக்கப் போயிட்டு லேட்டா வருவாங்க, எங்க போனீங்கன்னு அவங்கப்பா கேப்டன் கேட்டதும் பெர்ரி பறிக்கப் போனோம்னு புளுகுவாங்க. என்ன பெர்ரின்னு கேட்டா ப்ளூபெர்ரி. இப்ப அதுக்கு சீசனே இல்லையேன்னு அவர் மடக்கினதும் டக்குனு இல்ல இல்ல ஸ்ட்ராபெர்ரிதான், குளிர்ல நீலமாயிடுச்சுன்னு ஒரு சமாளிப்பு. அவரும் விடாம, அவ்ளோ பழம் தின்னுட்டு வந்தா ராத்திரி சாப்பாடு எதுக்குன்னு சொல்லிடுவார். பாவம் பசியோட வெளிய உக்காந்து அந்தப் பாட்டையே சுரத்தில்லாம பாடுவாங்க, அப்போ மரியா குரல் வந்து சேரும். இன்னைக்கு பாத்தாலும் எனக்கு கண்ணு கலங்கும்.

குளிர்ல நீலமான ஸ்ட்ராபெர்ரி எப்படி இருக்கும்னு அப்பவே எனக்கு ஒரு ருசி மனசுல பதிஞ்சிருந்துச்சு. அத கடையில கேட்டா யாரு தருவா. அதனாலதான் மெஷின்.

சரி மெஷினுக்கு வரேன். பவுல் ரெட்டைச் சுவர், ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு திரவம் அடைச்சிருக்காங்க, அது கட்டியா உறையணும். புத்தகத்துல எவ்ளோ நேரம்னு போட்டிருந்தாலும் சரி, நீங்க முழுசா 24 மணி நேரம் வச்சிடுங்க. எடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள சளக் சளக்னு கேட்டா இன்னும் ஆகலன்னு அர்த்தம். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து உங்க ஃப்ரீசர் உயரத்த அளந்துடுங்க, இதுதான் ரொம்ப முக்கியம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல மேல இருக்குற சின்ன பெட்டிக்குள்ள இந்த பவுல் நிக்கவே நிக்காது, நின்னாலும் அந்தக் குளிர் பத்தாது. மைனஸ் 18 டிகிரி புடிக்கிற தனி ஃப்ரீசர் கதவு உள்ள ஃப்ரிட்ஜ் வேணும். அது இல்லாதவங்க இந்த டைப் வாங்கவே வேணாம், காசு வீண். கம்ப்ரஸர் உள்ளயே வச்ச மெஷின் இருக்கு, அதுக்கு பவுல உறைய வைக்க வேண்டியதில்ல, ஆனா விலை பல மடங்கு, மேடையில இடமும் நிறைய அடைக்கும்.

வேலை செய்யுற விதம் பழைய கதைதான். 1843ல நான்சி ஜான்சன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல கையால சுத்துற ஐஸ்கிரீம் வாளிக்கு பேடன்ட் வாங்கினாங்க, சுத்தி ஐஸும் கல்லுப்பும் போட்டு நடுவுல இருக்குற டப்பாவ சுத்தணும். உப்பு போட்டா ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழ இறங்கும், மைனஸ் 21 டிகிரி வரைக்கும் கூட போகும். இப்போ அந்த உப்பு ஐஸ் செஞ்ச வேலைய பவுல் சுவருக்குள்ள இருக்குற திரவம் செய்யுது, கை செஞ்ச வேலைய மோட்டார் செய்யுது, அவ்ளோதான். சுத்திக்கிட்டே உறையுறதால ஐஸ் துகள் பெருசாகாம பொடிப்பொடியா நிக்குது, கூடவே காத்தும் சேருது. சும்மா டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல வச்சா கரகரன்னு வருதே, அது ஏன்னு இப்போ புரியும்.

பழத்துல வர்ற சிக்கலே தண்ணிதான். ஸ்ட்ராபெர்ரியில நூத்துல 91 பங்கு தண்ணி. அப்படியே அரைச்சு ஊத்தினா எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் ஐஸ் கட்டி பல்லுல படும். அதனால பழத்த சுண்ட வைக்கணும். அரைக் கிலோ ஸ்ட்ராபெர்ரிய நறுக்கி 60 கிராம் சர்க்கரை போட்டு ஒரு மணி நேரம் ஊற விட்டு சின்னத் தீயில வச்சு கால் கிலோவா சுண்டுற வரைக்கும் விடுறேன், இறக்கும்போது கால் மூடி எலுமிச்சை. சென்னையில டப்பால வர்றது பெரும்பாலும் மகாபலேஷ்வர் பழம், பாக்க பெருசா பளபளன்னு இருக்குறத எடுக்காதீங்க, சின்னதா காம்பு வரைக்கும் செவந்து டப்பாவ தொறந்ததும் வாசம் வர்றதுதான் வேணும். ஊட்டி கொடைக்கானல் பக்கம் யாராவது போனா சொல்லிவிட்டு வாங்கிக்குவேன், அந்தப் பழத்துல புளிப்பு தூக்கலா இருக்கும், ஐஸ்கிரீமுக்கு அதுதான் சரி. குளிர்ல நாக்குக்கு இனிப்பு கம்மியாத்தான் தெரியும், அதனால ஊத்துறதுக்கு முன்னாடி ருசி பாக்கும்போது கொஞ்சம் திகட்டுற மாதிரி இருந்தா கவலப்படாதீங்க.

இப்போ நீலம். எங்க வீட்டுப் பையன் அந்த சீன் பாத்துட்டு, "அம்மா, நிஜமாவே குளிர்ல நீலமாயிடுமா?"ன்னு கேட்டான். ஆகாதுடா கண்ணா. ஸ்ட்ராபெர்ரியோட சிவப்பு எவ்ளோ குளிர்ந்தாலும் சிவப்புதான். ஆனா ப்ளூபெர்ரியில இருக்குற அதே வகை நிறம் நம்ம நாவப்பழத்துல இருக்கு, அந்த நிறத்துக்கு ஒரு குணம், புளிப்புல சிவந்து நிக்கும், புளிப்பு குறைஞ்சா நீலத்துப் பக்கம் நகரும். பாலும் கிரீமும் கலந்தா நாவப்பழத்தோட அடர் ஊதா அப்படியே தணிஞ்சு நீலம் கலந்த ஒரு வெளிர் ஊதாவுக்கு வரும் பாருங்க, கரண்டிய அப்படியே தூக்கி வெளிச்சத்துல பாத்துக்கிட்டே நிக்கலாம். இன்னும் நீலம் வேணும்னு சோடா உப்பு போடுறவங்க இருக்காங்க, வேணாம், ருசி போயிடும். ப்ளூபெர்ரியும் இப்போ சூப்பர்மார்க்கெட்ல வருது, விலையும் ஜாஸ்தி, எனக்கு அதுல வாசமே தெரியல, நாவப்பழம் முன்னாடி அது நிக்காது.

ஒரே கஷ்டம் சீசன். நாவப்பழம் ஜூன் ஜூலைல வரும், ஸ்ட்ராபெர்ரி குளிர்காலத்துல தொடங்கி ஏப்ரல் வாக்குல முடிஞ்சிடும், ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. அதனால ஜூன்லயே நல்ல கனிஞ்ச பழமா வாங்கி கையாலயே பிசைஞ்சு கொட்டை எடுத்து, 200 கிராம் சதைக்கு 50 கிராம் சர்க்கரையும் ரெண்டு சிட்டிகை உப்பும் போட்டு கெட்டியா கிளறி, சின்ன டப்பாவுல ஃப்ரீசர்ல போட்டுடறேன். அந்த உப்புல துவர்ப்பு நல்லாவே அடங்கும். எங்கம்மா வாயில வச்சதும், "ஏண்டி, இது நாவப்பழமா? தொண்டைய புடிக்கவே இல்லையே"ன்னாங்க.

பழம் சேக்குறதுக்கு முன்னாடி பண்ற பால் கலவை, அதாவது பேஸ், சிம்பிள்தான். முட்டை கிடையாது. ஆறு சதவீதம் கொழுப்பு இருக்குற ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 300 மில்லி, கிரீம் 250 மில்லி, சர்க்கரை 80 கிராம், பால் பவுடர் மூணு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. பால் பவுடர விடாதீங்க, பழத்துல மிச்சம் இருக்குற தண்ணிய அதுதான் இழுத்துப் புடிக்கும். கிரீம்ல 25 சதவீதம் கொழுப்பு உள்ளது போட்டா மொத்த ஐஸ்கிரீம்ல எட்டு சதவீதம் கிட்ட வரும், 35 சதவீத விப்பிங் கிரீம் போட்டா பத்த தாண்டும். இந்த பத்து எதுக்குன்னா நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி வெறும் ஐஸ்கிரீம்னு பேர் போடணும்னா பால் கொழுப்பு குறைஞ்சது பத்து சதவீதம் இருக்கணும், தாவர எண்ணெய்ல பண்ணினா ஃப்ரோசன் டெசர்ட்னுதான் போடணும். கேக் சாமான் கடையில விக்கிற விப்பிங் கிரீம் நிறைய தாவர எண்ணெய்ல பண்ணினது, பாக்கெட்ட திருப்பிப் பாத்து பால் கிரீம்தானான்னு உறுதி பண்ணிட்டு வாங்குங்க. அந்த எண்ணெய் மேலண்ணத்துல படிஞ்சிடும், பழ வாசமே தெரியாது.

பாலும் சர்க்கரையும் பவுடரும் காய்ச்சி ஆற வச்சு கிரீம் கலந்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல. பழமும் தனியா ஃப்ரிட்ஜ்ல. ரெண்டும் நல்லா ஜில்லுன்னு ஆனதுக்கு அப்புறம்தான் கலக்கணும், சூட்டோட கலந்தா புளிப்புல பால் திரிஞ்சிடும். ஸ்ட்ராபெர்ரிய பேஸ்ல கலந்துட்டு, முதல்ல மெஷின ஆன் பண்ணி பவுல் சுத்த ஆரம்பிச்சதும் மேல ஓட்டை வழியா ஊத்துங்க. நிக்கிற பவுல்ல ஊத்தினா சுவர்லயே ஒட்டி உறைஞ்சு, உள்ள கலக்குற துடுப்பு மாட்டிக்கும். ஒன்றரை லிட்டர் பவுல்ல ஒரு லிட்டருக்கு மேல ஊத்தாதீங்க, அது பொங்கி வரும். 20, 25 நிமிஷத்துல சாஃப்டி பதத்துக்கு வந்துடும். அதுக்கு மேல ஓட்டாதீங்க, பவுலோட குளிர் அதோட தீர்ந்துடும், சென்னை மே மாசத்துல சமையக்கட்டுல வச்சா இன்னும் சீக்கிரம் தீரும், அதனால நான் ஏசி ஓடுற ரூம்லதான் வச்சு ஓட்டுறேன். நாவப்பழக் கூழ்ல நாலு ஸ்பூன் கிரீம் கலந்து வச்சுக்கிட்டு, டப்பாவுல ரோஸ் ஒரு அடுக்கு, அந்த நீல ஊதா ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி வச்சு, மேல பட்டர் பேப்பர ஒட்டினாப்ல போட்டு மூடி நாலு மணி நேரம் ஃப்ரீசர். கரண்டியில எடுக்கும்போது ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் நீலமாகப் போற ஸ்ட்ராபெர்ரி. அந்தப் பிள்ளைங்க சொன்ன பொய் வாய்க்குள்ள நிஜமாயிடுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

குறைகளும் இருக்கு. மோட்டார் சத்தம் மிக்ஸி அளவுக்கு இல்லன்னாலும் அந்த 20, 25 நிமிஷமும் நிறுத்தாம ஒரே சுதில முனகிக்கிட்டே இருக்கும், குழந்தை தூங்குற வீட்ல யோசிக்கணும். துடுப்பு சுவர்கிட்ட ஒரு நூல் இடம் விட்டுத்தான் இருக்கு, அங்க ஒரு படலம் கல்லு மாதிரி உறைஞ்சு நிக்கும், அத எவர்சில்வர் கரண்டியால சுரண்டினா பவுல் உள்பக்கம் கீறிடும், மரக்கரண்டி இல்லன்னா சிலிக்கான். மூடி பிளாஸ்டிக் ரொம்ப மெலிசு, காது மாதிரி ரெண்டு பக்கம் மாட்டுற இடம் எப்ப ஒடியுமோன்னு இருக்கு. கழுவும்போது பவுல் முழுசா ரூம் சூட்டுக்கு வந்த பிறகு சாதா தண்ணியில கையால கழுவணும், வெந்நீர் ஆகாது, ஈரத்தோட திருப்பி ஃப்ரீசர்ல வச்சா அந்த ஈரமும் சுவர்ல ஐஸா புடிச்சுக்கும். ஒரு தடவை ஓட்டினா அடுத்த தடவைக்கு மறுநாள்தான், விருந்தாளி நிறைய வந்தா பத்தாது. இன்னொரு பவுல் தனியா கிடைக்குற மாடலா பாத்து வாங்குறது நல்லது.

வேற பழம் கேட்டா, மாம்பழமும் சீத்தாப்பழமும் இந்த மெஷினுக்குன்னே பொறந்த மாதிரி வரும், சதையே கெட்டிங்கறதால சுண்ட வைக்கவே தேவையில்ல. கிர்ணிப்பழம் ரொம்பத் தண்ணி, எனக்கு சரியா வரல. அன்னாசிய பச்சையா பால்ல போடாதீங்க, அதுல இருக்குற என்சைம் பால் புரதத்த உடைச்சு கசக்க வச்சிடும், ஒரு கொதி விட்டா போதும். கடை ஐஸ்கிரீம்ல போடுற கோந்து மாதிரி எதுவும் இதுல இல்லாததால ரெண்டு வாரத்துக்குள்ள தின்னு முடிச்சிடுங்க, பரிமாறுறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய எடுத்து வைங்க.

அஞ்சுக்கு நாலு மார்க். குறைச்ச ஒண்ணு அந்த மூடிக்கும் துடுப்பு விடுற இடைவெளிக்கும்.